இல்லாத கோபுரத்துக்கு ஒரு பிரயாணம்

இந்தப் பக்கத்துக்கு வாரந்தோறும் வரும் கடிதங்களில் பத்துக்கு ஏழு, தொடர்கதையின் கதாநாயகி அடுத்த இதழில் பிழைப்பாளா மாட்டாளா என்று கேட்டு வருபவை. அதற்குப் பதில் சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை. கதாசிரியருக்கே அது தெரியாது என்று எங்கள் காரியாலயத்தில் ஒரு பேச்சு! மீதி மூன்றில் இரண்டு என்னைக் கோபித்துக்கொண்டு வருபவை. எஞ்சிய அந்த ஒரே கடிதத்தை வைத்துக்கொண்டுதான் நான் ஊர் ஊராகச் சுற்றிப் பிழைக்கிறேன்.

அப்படி ஒரு கடிதம் சென்ற மாதம் வந்தது. எழுதியவர் பதினோராம் வகுப்பு மாணவி, எங்கள் பெரம்பூர்க்காரர். சொந்தப் பேட்டைக் கடிதம் என்றால் ஒரு தனிப் பிரியம் வரத்தானே செய்யும்?

"'பொன்னியின் செல்வன்' ஐந்து பாகமும் படித்து முடித்துவிட்டேன். 2023-ல் வந்த சினிமாவையும் பார்த்தேன். அருள்மொழிவர்மர் காய்ச்சலோடு தங்கியிருந்த சூடாமணி விஹாரத்தைப் பார்க்க ஆசை. கோடை விடுமுறைக்கு நாகப்பட்டினத்தில் அத்தை வீட்டுக்குப் போகிறோம். விஹாரம் எந்தத் தெருவில் இருக்கிறது என்று எழுதுவீர்களா?"

இதை அன்று இரவு சாப்பாட்டு வேளையில் படித்துக் காட்டினேன். எங்கள் வீட்டில் அந்தக் கதைக்கு ஒரு தனி மரியாதை உண்டு. 1950 முதல் 1954 வரை வாரம் வாரம் வந்த அந்தத் தொடரை, என் பாட்டி கிழித்து, அடுக்கி, கோணி ஊசியால் தைத்துப் பைண்டு செய்து வைத்திருந்தார். அந்தப் பைண்டில்தான் என் தகப்பனார் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்டார்.

"அந்தப் பொண்ணுக்கு என்னடா பதில் எழுதப் போறே?" என்று கேட்டார் அப்பா.

"விஹாரம் இப்போ இல்லை அப்பா. மிஞ்சி இருந்த கோபுரத்தையும் 1867-ல இடிச்சுட்டாங்க."

அப்பா சோற்றைப் பிசைவதை நிறுத்தினார். "இடம் இருக்குமில்ல? போய்ப் பார்த்துட்டு எழுது. நானும் வரேன்."

எழுபதைத் தாண்டிய மனிதர். முழங்கால் வலி. பெரம்பூர் மார்க்கெட்டுக்குப் போய் வருவதற்கே இரண்டு இடத்தில் உட்காருகிறவர். இருந்தாலும் கிளம்பிவிட்டார்.

முதல் பிரயாணம் நாகப்பட்டினத்துக்கு அல்ல, எழும்பூருக்கு. பெரம்பூரில் ரயில் ஏறி சென்ட்ரலில் இறங்கி, அங்கிருந்து பாந்தியன் சாலையில் உள்ள அரசாங்க மியூசியத்துக்குப் போனோம். (வாசகர்கள் கவனிக்க: வெள்ளிக்கிழமை விடுமுறை.) நடராஜரைப் பார்க்க எல்லோரும் போகிற இடம் அது. நாங்கள் தேடியது அவருடைய அண்டை வீட்டாரை.

கண்ணாடிக்குப் பின்னால் வெண்கலப் புத்தர்கள் நிற்கிறார்கள், அமர்ந்திருக்கிறார்கள். பல சிலைகள் ஒரு சாணுக்கும் குறைவு. தலையின் உச்சியில் ஒரு தீச்சுடர்; அதுதான் நாகப்பட்டினத்துப் புத்தருக்கு அடையாளம். ஒரு கை பயப்படாதே என்கிறது. முகமோ நம் சோழ நாட்டுச் சிற்பி வார்த்த முகம். சுவாமிமலைத் தெருவில் நாளைக்கு எதிரே வந்தால்கூட நாம் ஆச்சரியப்பட மாட்டோம். சில சிலைகளின் பீடத்தில் தமிழில் பெயர் வெட்டியிருக்கிறது. வேண்டிக்கொண்டு செய்து வைத்தவர்களின் பெயர்கள் அவை.

இவை கிடைத்த கதை விசித்திரமானது. 1856-ல் நாகப்பட்டினத்தில், பாதிரிமார் கல்லூரி நடத்திவந்த வளவில் ஒரு பழைய இலுப்பை மரத்தை வெட்டினார்கள். அடியில் செங்கல் அறைக்குள் ஐந்து சிலைகள் இருந்தன. அதிலிருந்து 1930-கள் வரையில் அந்த வட்டாரத்தில் சுமார் 350 சிலைகள் வெளிப்பட்டன. ஒரு பகுதி எழும்பூருக்கு வந்தது. மற்றவை உலகத்தின் மியூசியங்களுக்குச் சிதறிப் போயின. 1954-ல் டி. என். ராமச்சந்திரன் என்ற அறிஞர் இவற்றைப் பற்றி ஒரு பெரிய நூலே எழுதினார். கல்கியின் தொடர்கதை முடிந்த அதே வருஷம், பாருங்கள்!

"மண்ணுக்குள்ளே யாரு வெச்சிருப்பா?" என்றார் அப்பா.

யாரோ ஒளித்து வைத்திருக்க வேண்டும். திரும்பி வந்து எடுத்துக்கொள்ளலாம் என்று எண்ணித்தானே ஒருவன் ஒளித்து வைப்பான்! வந்து எடுக்க ஆள் இல்லாமல் போய்விட்டது.

இனி அந்த விஹாரத்தின் பூர்வோத்தரத்தைச் சொல்லிவிடுகிறேன். மலாய் நாட்டுக் கடாரத்தையும் சுமத்ராத் தீவையும் ஆண்ட ஸ்ரீவிஜயத்து அரசன் சூளாமணிவர்மன், தன் கப்பல்கள் வந்து போகும் நாகப்பட்டினத்தில் ஒரு பௌத்தப் பள்ளி கட்டத் தொடங்கினான். அவன் மகன் ஸ்ரீ மாற விஜயோத்துங்கவர்மன் தகப்பன் பெயரிலேயே அதைக் கட்டி முடித்தான். முதலாம் ராஜராஜ சோழன் தன் 21-ம் ஆட்சி ஆண்டில், அதாவது 1006-ஐ ஒட்டி, ஆனைமங்கலம் என்ற கிராமத்தை அந்தப் பள்ளிக்கு எழுதி வைத்தான். நிலம் 97 வேலி. வருமானம் ஆண்டுக்கு 8,943 கலம் நெல்லுக்கு மேல். எல்லை எப்படி அளந்தார்கள் தெரியுமா? ஒரு பெண் யானையை முன்னால் நடக்கவிட்டு, அதிகாரிகளும் ஊராரும் பின்னால் சுற்றி வந்தார்கள். யானை நடந்த வழி எல்லை!

தெருக்கோடியில் பெரிய சிவன் கோயில் கட்டிக்கொண்டிருந்த அரசன், வேற்று நாட்டான் கட்டிய வேற்று மதத்துப் பள்ளிக்கு நிலம் கொடுத்தான். சாஸனம் செப்பேட்டில் ஏறுவதற்குள் அவன் காலமாகிவிட்டான். மகன் ராஜேந்திரன் தகப்பன் வாக்கைக் காப்பாற்றி 21 ஏடுகளில் வெட்டுவித்து, தன் முத்திரை வளையத்தில் கோத்தான். பிற்பாடு அந்த ஏடுகள் டச்சுக்காரரோடு கடல் கடந்து ஹாலந்து தேசத்து லெய்டன் நகரம் போய்ச் சேர்ந்தன. 'லெய்டன் செப்பேடுகள்' என்று பெயர் வந்தது அதனால்தான்.

அதே ராஜேந்திரன் 1025-ல் கப்பற்படை அனுப்பிக் கடாரத்தையே வென்றான் என்பதையும் மறைக்கக் கூடாது. அரசர்கள் அப்படித்தான். ஆனால் விஹாரத்தின் மேல் அவன் கை வைக்கவில்லை. 1090-ல் கடாரத்துத் தூதர்கள் வந்து கேட்டபோது, முதலாம் குலோத்துங்கன் பள்ளியின் நிலங்களுக்கு வரி விலக்கை உறுதி செய்தான்.

இந்தக் கணக்கில் நம் வாசகிக்கு ஒரு சின்ன அதிர்ச்சி இருக்கிறது. கதை நடக்கும் காலம் 970-க்குச் சற்று முன்பின். செப்பேட்டின்படி சூளாமணிவர்மன் கட்டிய விஹாரமோ அதற்கு முப்பது முப்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பிறகுதான் எழுந்தது! கல்கி காய்ச்சல்கார இளவரசரைப் படுக்க வைக்க நல்ல இடம் தேடினார். கட்டடத்தைக் கொஞ்சம் முன்னாலேயே கட்டிக் கொடுத்துவிட்டார். தொடர்கதை எழுதுபவர்களுக்கு இந்த உரிமை உண்டு. இல்லாவிட்டால் நம் பத்திரிகைகள் எப்படி நடக்கும்?

இரவு ரயில் ஏறி விடியற்காலையில் நாகப்பட்டினத்தில் இறங்கினோம். ஸ்டேஷனுக்கு எதிரில் டீ குடித்துக்கொண்டே கடைக்காரரிடம் விசாரித்தேன்.

"சூடாமணி விஹாரமா?" என்று அவர் யோசித்தார். "நாகூர் தர்கா இருக்கு, வேளாங்கண்ணி மாதா கோயில் இருக்கு, நீலாயதாட்சி அம்மன் கோயில் இருக்கு. நீங்க சொல்றது எந்த லாட்ஜு சார்?"

ஆட்டோ டிரைவர் இன்னும் உதாரகுணம் உள்ளவர். "சினிமாவுக்குப் போட்ட செட்டுதானே? அதெல்லாம் பிரிச்சிருப்பாங்க சார்" என்றார்.

பிரித்துத்தான் விட்டார்கள். ஆனால் செட்டை அல்ல.

விஹாரம் எந்த வருஷம் பாழாயிற்று என்று யாரும் எழுதி வைக்கவில்லை. 1470-களில் பர்மாவிலிருந்து இலங்கைக்குப் போன துறவிகள் சிலர், கப்பல் உடைந்து கரை சேர்ந்து, நாகப்பட்டினத்துக்கு நடந்து வந்து, விஹாரை 'இருந்த இடத்தை' வணங்கினார்கள் என்று பெகுவில் உள்ள கல்யாணிக் கல்வெட்டு சொல்கிறது. அப்போதே அது 'இருந்த இடம்' ஆகிவிட்டது! ஒரு கோபுரம் மட்டும் ஊருக்கு வடக்கே ஒன்றிரண்டு மைலில் தனியாக நின்றது. மூன்று நிலை, சதுரமான அடி, சாந்து பூசாமல் இழைத்து அடுக்கிய செங்கல், ஒவ்வொரு பக்கமும் நடுவில் ஒரு வாசல். போர்ச்சுக்கீசியர் வந்தார்கள், 1658-ல் டச்சுக்காரர் வந்தார்கள், 1781-ல் ஆங்கிலேயர் வந்தார்கள். கடலில் வரும் மாலுமிகள் அதை அடையாளமாக வைத்துக் கரை பிடித்தார்கள். வெள்ளைக்காரர்கள் 'சீனக் கோபுரம்' என்றார்கள். ஊரார் 'புதுவெளிக் கோபுரம்' என்றார்கள். அது சூளாமணிவர்மன் கட்டியதன் மிச்சமே என்போரும் உண்டு. பின்னால் சீன வணிகருக்காக எழுந்தது என்போரும் உண்டு. பௌத்தக் கட்டடம் என்பதில் தகராறு இல்லை.

கல்லூரிப் பாதிரிமார், சிதைந்து நிற்கும் அந்தக் கோபுரத்தை இடித்து அதன் செங்கல்லைத் தங்கள் கட்டடத்துக்குப் பயன்படுத்த அனுமதி கேட்டார்கள். 1867-ல் சென்னை அரசாங்கம் அனுமதி கொடுத்தது. கோபுரம் போயிற்று. 16 ஆண்டுகளுக்குப் பிறகு, 1883-ல், கல்லூரியும் திருச்சிராப்பள்ளிக்குக் குடி போயிற்று. 1846-ல் ஒருவர் வரைந்து வைத்த படமும், 1878-ல் சர் வால்டர் எலியட் எழுதிய கட்டுரையும் இல்லாவிட்டால், அந்தக் கோபுரத்தின் முகம்கூட நமக்குத் தெரியாது.

காலேஜில் பி.ஏ. வகுப்பில் எனக்கு 'டின்டர்ன் அபே' என்று ஒரு பாடம் இருந்தது. வோர்ட்ஸ்வொர்த் 1798-ல் எழுதிய கவிதை. வேடிக்கை என்னவென்றால், தலைப்பில் தவிர அந்தக் கவிதையில் எங்கேயும் அபே வராது! வை நதிக்கரையில், காடு சூழ்ந்த மலைகளுக்கு நடுவில், 1131-ல் துறவிகள் அமைத்த மடம் அது. 1536-ல் எட்டாம் ஹென்றி மடங்களைக் கலைத்தபோது துறவிகள் வெளியேறினார்கள். கூரையின் ஈயத்தைப் பிரித்து எடுத்தார்கள். ஆயினும் சுவர்கள் நின்றன. இன்றும் கூரையில்லாத அந்தச் சுவர்களுக்குள் புல்தரையில் நின்று ஆகாயத்தைப் பார்க்க ஜனங்கள் போகிறார்கள். பாழடைந்ததற்கும் ஓர் அழகு உண்டு என்று அந்த ஊரில் கவிகளும் ஓவியர்களும் சொல்லிச் சொல்லிக் காப்பாற்றினார்கள். நம் கோபுரத்துக்கு அப்படிச் சொல்ல ஒரு நாதி இல்லை.

இப்படி மனத்துக்குள் பிரசங்கம் செய்துகொண்டே வடக்குப் பக்கம் போய், கடலுக்குச் சமீபத்தில் ஆட்டோவை நிறுத்தச் சொன்னேன். காற்று, மணல், சவுக்கு மரங்கள், மேய்கிற நாலு ஆடுகள். கதையில் சமுத்திரராஜன் பொங்கி விஹாரத்துக்குள் புகுந்தான் அல்லவா? 2004 டிசம்பர் 26 அன்று இந்தக் கரையில் உண்மையாகவே புகுந்தான். இந்த ஜில்லாவில் மட்டும் 6,000 பேருக்கு மேல் மாண்டார்கள். அதை நினைத்தால் ஒரு கோபுரத்துக்காகத் துக்கப்படுவதற்கே வெட்கமாக இருக்கிறது.

அப்பா குனிந்து ஒரு செங்கல் துண்டை எடுத்தார்.

"அது பழசு இல்லை அப்பா. நேத்து எங்கேயோ வீடு கட்டினப்போ விழுந்தது."

"தெரியும்டா" என்றார். ஆனாலும் கீழே போடவில்லை.

அப்பா ஒரு பஞ்சாலையில் இருபத்துமூன்று வருஷம் தறி ஓட்டினவர். எங்கள் பக்கத்தில் சங்கு ஊதினால் தெருவே எழுந்து நடக்கும். நான் பள்ளிக்கூடத்துப் பையனாக இருக்கும்போது அது மூடிவிட்டது. அதைப் பற்றி அப்பா வீட்டில் பேசுவதே இல்லை. அன்றைக்குச் சவுக்கு நிழலில் உட்கார்ந்து அவராகவே பேசினார்.

"மில்லை இடிச்சாங்களே, அப்போ ஒரு நாள் போனேன். லாரி லாரியாச் செங்கல் போவுது. ஒண்ணே ஒண்ணு குடுப்பான்னு கேட் வாசல்ல இருந்தவனைக் கேட்டேன். பாஸ் இருக்கான்னு கேட்டான். இருபத்துமூணு வருஷம் உள்ளே போய் வந்தவனுக்கு, ஒரு செங்கல்லு எடுக்க பாஸ்!" என்று சிரித்தார். பிறகு, "அந்தப் பாதிரிமாரை நீ பத்திரிகையில திட்டி எழுதுவே, இல்ல?"

நான் பதில் சொல்லவில்லை. அந்த உத்தேசம் எனக்கு இருந்தது.

"திட்டறது சுலபம்டா. அவங்களுக்குச் செங்கல் வேணும். சர்க்காருக்கு அது வெறும் பாழு. ஊர்க்காரன் எத்தனை பேரு போய், இது எங்களுதுன்னு நின்னிருப்பான்? எங்க மில்லை இடிச்ச அன்னிக்கு நாங்க எத்தனை பேரு போய் நின்னோம்? நான் ஒருத்தன் போனேன். அதுவும் தடுக்க இல்லே. ஒரு செங்கல் கேக்க."

நேயர்களே, நான் எழுத உத்தேசித்திருந்த கட்டுரை அங்கேயே செத்தது. பிறகு யோசித்துப் பார்த்தேன். அந்தப் பள்ளியில் மணி அடித்தால் எழுந்திருக்கும் துறவிகள் போய் நூற்றாண்டுகள் ஆகியிருந்தன. எதிர்த்துக் கேட்டிருக்க வேண்டிய குரலே தமிழ்நாட்டில் ஓய்ந்து கிடந்தது. கோபுரம் இடிந்து 31 வருஷம் கழித்து, 1898-ல், சென்னை ராயப்பேட்டையில் அயோத்திதாச பண்டிதர் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார். பேராசிரியர் லட்சுமி நரசு புத்த தர்மத்தைப் பற்றி 1907-ல் வெளியிட்ட நூலை, 1948-ல் டாக்டர் அம்பேத்கர் தாமே முன்னுரை எழுதி மறுபதிப்பாகக் கொண்டுவந்தார். அந்த அலையில் எங்கள் பெரம்பூரிலும் ஒரு பௌத்த சங்கம் நடந்தது. கேட்க ஆள் வந்தபோது கோபுரம் இல்லை. கோபுரம் இருந்தபோது கேட்க ஆள் இல்லை!

மறுநாள் அப்பாவை வெறுங்கையோடு திருப்பி அழைத்துப் போக மனம் வரவில்லை. வடக்கே பூம்புகாருக்குப் பஸ் ஏறினோம். கடற்கரைக்குப் போகும் வழியில் மேலையூர்ப் பக்கம் பல்லவனீச்சரம் என்று ஒரு பாடல் பெற்ற சிவஸ்தலம் இருக்கிறது. அதற்கு அருகில், 1960-களில் தொல்பொருள் இலாகா தோண்டி எடுத்த ஒரு பௌத்த விஹாரத்தின் அடித்தளம் இருக்கிறது. சூடாமணி விஹாரத்துக்கு ஐந்நூறு வருஷம் மூத்தது. வரிசையாகச் சதுர அறைகள். முன்னால் எல்லா அறைக்கும் பொதுவாக நீண்ட தாழ்வாரம். பக்கத்தில் புத்தர் கோயிலின் அடி. அகன்ற தட்டைச் செங்கற்கள். புத்தர் பாதம் செதுக்கிய சுண்ணாம்புக் கல் ஒன்றும் இங்கே கிடைத்தது. புத்ததத்தர் என்ற பெரிய பாலி ஆசிரியர் இந்தக் காவிரிப்பூம்பட்டினத்து விஹாரம் ஒன்றில் தங்கி நூல் எழுதினார். மணிமேகலை பிறந்த ஊரும் இதுதானே!

பிரமாதமான காட்சி என்று சொல்லமாட்டேன். டின்டர்னைப் போல ஆகாயத்தைத் தொடும் வளைவுகள் கிடையாது. சுவர் முழங்கால் உயரம்கூட இல்லை. சுற்றிலும் தென்னை, புல், ஒரு கரிச்சான் குருவி, தூரத்தில் கடலின் இரைச்சல். ஆனால் அவசரப்படாமல் ஓர் அரைமணி நின்றால் கண்ணுக்கு ஒவ்வொன்றாகத் தெரிய ஆரம்பிக்கிறது. இங்கே ஒருவன் படுத்திருப்பான். இந்தத் தாழ்வாரத்தில் மழைக்கு ஒதுங்கியிருப்பான். இந்த வாசலில் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு பிக்ஷைக்குப் புறப்பட்டிருப்பான்.

அப்பா அடி வைத்து ஓர் அறையை மனத்துக்குள் அளந்தார். "நம்ம வீட்டுச் சமையல்கட்டு அளவு. ஒருத்தனுக்குப் போதும்" என்று தீர்ப்புச் சொன்னார். கையில் வைத்திருந்த நாகப்பட்டினத்துச் செங்கல் துண்டைப் பார்த்தார். பழைய செங்கல்லைப் பார்த்தார். நான் பயந்தபடி பழையதை எடுத்துப் பையில் போட்டுக்கொள்ளவில்லை. புதுத் துண்டையும் வெளியே வந்து சாலை ஓரத்தில்தான் வைத்தார். "இதை உள்ளே போட்டா, நாளைக்கு எவனாவது படிச்சவன் வந்து கணக்குத் தப்பாப் போடுவான்" என்றார்.

இனி நம் மாணவிக்குப் பதில். சகோதரி! நீங்கள் கேட்ட தெரு நாகப்பட்டினத்தில் இல்லை. முதலில் எழும்பூர் மியூசியத்தில் சுடர் முடிப் புத்தர்களைப் பாருங்கள். பிறகு அத்தை வீட்டுக்குப் போய், ஒரு மாலை வடக்குப் பக்கத்துக் கடலோரம் நில்லுங்கள். அத்தையோடு ஒரு நாள் பல்லவனீச்சரம் போய் வாருங்கள். மூன்றையும் சேர்த்தால் சூடாமணி விஹாரம் வரும். பாக்கிக்குக் கல்கி இருக்கிறார்.

ஒரு வேண்டுகோளும் உண்டு. திரும்பி வந்ததும், உங்கள் தெருவில் பழைய கட்டடம் எதுவானாலும் ஒன்றைப் படம் எடுத்து, அதில் யார் இருந்தார்கள், என்ன நடந்தது என்று தெரிந்தவர்களைக் கேட்டு எழுதி வையுங்கள். 1846-ல் யாரோ ஒருவர் பென்சிலை எடுத்து அந்தக் கோபுரத்தை வரைந்தார் என்பதால்தான் இன்று நீங்களும் நானும் அதைப் பற்றிப் பேசுகிறோம்.

எங்கள் வீட்டில் அந்த வேலை ஆரம்பித்துவிட்டது. ஊர் திரும்பிய மறுநாள் அப்பா என்னிடம் ஒரு பெரிய நோட்டுப் புத்தகம் வாங்கி வரச் சொன்னார். முதல் பக்கத்தில் ஸ்கேல் வைத்துப் படம் போட்டிருக்கிறார். கேட், சங்கு, நூல் கட்டு, தறிக் கட்டு, வேப்ப மரம், டீக்கடை. அவர் நின்ற தறிக்கு ஒரு சின்னப் புள்ளி. நேற்று இரவு எட்டிப் பார்த்தேன். பக்கத்துத் தறிக்காரர்களின் பெயர்களை வரிசையாக எழுதிக்கொண்டிருந்தார். பதினான்காவது பெயர் ஞாபகம் வரவில்லை. "காலையில வந்துரும்" என்று விளக்கை அணைத்தார்.